களத்தில் பேசிய பூட்டுப் போன்

அத்தியாயம் 14

தர்மராஜ் அந்தப் போனைச் சட்னிக் கிண்ணத்துக்கும் இட்லித் தட்டுக்கும் நடுவில் வைத்தான். வைத்துவிட்டுத் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தான். போனை வைக்கிற தோரணை இல்லை அது. சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிற தோரணை.

"இது வந்த பெறகு இந்த வீட்டுப் பேச்சு ஒண்ணாச்சும் வெளிய போயிருக்கா?" என்று கேட்டான்.

நாகலெட்சுமி இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஒன்னயத்தேன் கேக்குறேன்."

"போகல," என்றாள்.

"பழைய போன் இருந்தப்பப் போச்சு. இப்பப் போகல. அப்ப என்ன அர்த்தம்?"

அர்த்தம் என்னவென்று அவனே பல தடவை சொல்லியாயிற்று. பேசுவதை எல்லாம் பதிந்து வைத்திருந்த பழைய போனைத் திறக்கத் திரையில் விரலால் ஒரு 'ட' போட்டால் போதும். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். புதுப் போனை அவனைத் தவிர யாராலும் திறக்க முடியாது. ஆகவே சேதியை வெளியே கொண்டுபோனவள் நாகலெட்சுமி.

பானுப்பிரியாவுக்கும்தான் அந்த 'ட' தெரியும். ஆனால் பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டால் சோறு கிடைக்காது. புருஷனை விட்டு வந்து தகப்பன் வீட்டில் இருக்கும் தங்கச்சியைச் சந்தேகப்பட எந்தச் செலவும் கிடையாது.

கோட்டைச்சாமி சித்தப்பா இந்த வீட்டு வாசலில் நின்று ஊரைக் கூட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கமுதிக்குத் தெற்கே உக்கிரபாண்டியின் நிலமும், அவருடைய பங்காளி கோட்டைச்சாமியின் நிலமும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. சூரிய மின்சாரக் கம்பெனி ஒன்று இரண்டையும் நீண்ட குத்தகைக்குக் கேட்டது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத் தரகர் இமானுவேலிடம் பேசியது உக்கிரபாண்டியின் மகன் தர்மராஜ். "எங்க சித்தப்பனுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தக் கருவேலங்காட்டை நான் சொல்ற வெலைக்கு முடிச்சுத் தாரேன், மிச்சத்தை நாம பாத்துக்கிருவோம்" என்று அவன் போனில் சொன்னது, ஒரு சொல் பிசகாமல் மறுநாள் காலையில் சித்தப்பாவின் வாயிலிருந்து வந்தது. அதுவும் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது.

அப்படிப் பேசியது தப்பு என்று தர்மராஜுக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. வெளியே போனதுதான் தப்பு. யாரோ போனை ஒட்டுக் கேட்கிறார்கள் என்று முடிவு கட்டி, ராமநாதபுரத்துக்குப் போய் இந்தப் பூட்டுப் போனை வாங்கி வந்தான்.

இன்றைக்குச் சனிக்கிழமை. சாயந்தரம் சித்தப்பா வருகிறார். அவர் முன்னால் நாகலெட்சுமி குற்றத்தை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் இந்த வீட்டில் இருக்கலாம். கேட்காவிட்டால் வாலிநோக்கத்துக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கே உப்பளத்தில் சூப்பர்வைசராக இருக்கிறான் அவள் புருஷன். அவன் கை எப்படிப்பட்டது என்று அவள் முதுகுக்குத் தெரியும்.

"நான் எதையும் எடுக்கலண்ணே. யார்கிட்டயும் சொல்லல," என்றாள்.

"வாழாவெட்டியா வந்து ஒக்காந்தவளுக்கு இம்புட்டு வாயி."

கட்டிலில் உட்கார்ந்திருந்த உக்கிரபாண்டி தொண்டையைச் செருமினார். மகனை அதட்டப்போகிறார் என்று நாகலெட்சுமி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒத்துக்கிட்டுப் போயேன்த்தா. ஒரு சொல்லுதான. சித்தப்பன் கால்ல விழுந்தாத் தேஞ்சா போயிருவ," என்றார் அவர்.

அவள் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அண்ணன் பேசுவது வலிக்கவில்லை. அவனிடம் அவள் எதையும் எதிர்பார்த்ததில்லை. அய்யா பேசியது வலித்தது.

சாம்பாரோடு வந்த பானுப்பிரியா, நாத்தனாருக்காகப் பேசவில்லை. அவளுக்கு வேறு கோபம்.

"அந்த எழவெடுத்த போனைத் தட்டுக்குப் பக்கத்துல வைக்காதீக. அதைப் பார்த்தாலே எனக்கு மோட்டாரு ஞாபகம்தேன் வருது. அந்தக் காசுக்குப் போர் மோட்டாரையே மாத்தியிருக்கலாம். செடி காஞ்சு நிக்கிது."

"மோட்டாரு பெருசா, மானம் பெருசா?"

"கடைக்கார காஜா நவாஸே சொன்னாரு, நானும் கூடத்தான நின்னேன். 'இது பத்திரிகைக்காரவுக, பெரிய ஆபீசருக, நெசமாவே ஒட்டுக் கேக்க ஆளு இருக்கிறவுக வாங்குறதுண்ணே. அவுகளுக்கு இந்த வெலை தகும். ஒங்களுக்கு, இருக்கிற போன்லயே நல்ல நம்பராப் பூட்டுப் போட்டு, அதை யாருக்கும் சொல்லாம இருந்தாப் போதும்'னாரு. விக்கிறவரு வேணாங்கிறாரு. வாங்குறவுக வேணும்னு நின்னீக."

"எனக்கு ஒட்டுக் கேக்க ஆளு இல்லேங்கிறியா?"

தனக்கு எதிரி இல்லை என்று யாராவது சொன்னால் தர்மராஜுக்குப் பொறுக்காது. அன்றைக்குக் கடையில் காஜா நவாஸ் அப்படிச் சொன்ன பிறகுதான் அவன் வாங்கியே தீருவதென்று முடிவு செய்தான். போனை எடுத்துப் பக்கவாட்டைக் காட்டினான்.

"பாரு. மைக்கை அணைக்கத் தனி சுவிச்சு. கேமராவை அணைக்கத் தனி சுவிச்சு. எவனாச்சும் தப்பு நம்பரைப் போட்டுக்கிட்டே இருந்தான்னா, உள்ள இருக்கிறதை எல்லாம் அதுவே அழிச்சிரும்."

"அழிக்கிறதுக்கு உள்ள என்ன இருக்கு? பேங்க் ஆப்பு ஓடல. பிள்ளைக வகுப்புக் குரூப்பு வரல. கேஸ் புக் பண்ண என் போனைத்தேன் கேக்குறீக."

தர்மராஜ் கையைக் கழுவாமலே எழுந்தான். வாசல்படியில் நின்று திரும்பினான்.

"சாயந்தரம் சித்தப்பா வருவாரு. அதுக்குள்ள யோசிச்சுக்க லெட்சுமி. வாலிநோக்கத்துக்குக் கடைசி பஸ் எப்பன்னு நானே கேட்டு வச்சிருக்கேன்."

அவன் போன பிறகு பின்வாசலில் யாரோ செருமுகிற சத்தம் கேட்டது.

செவ்வந்தி நின்றிருந்தாள். மிளகாய்க் களத்தில் வேலை பார்க்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி மாதிரி. ஆள் சேர்ப்பதும், கூலியைக் கேட்டு வாங்கிப் பிரித்துக் கொடுப்பதும் அவள் பொறுப்பு.

"சுகந்தி வரல தாயி, பிள்ளைக்குக் காச்சலாம். ஆளு கொறையுது. நாளைக்கு மண்டிக்கு லாரி வருதுன்னு ஒங்க அண்ணன் குதிக்கிறாரு. சும்மா இருந்தா நீ செத்த வாரியா?"

நாகலெட்சுமி களத்துக்குப் போகாதவள் இல்லை. ஆனால் போனால் குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். கூலி ஆள்களோடு கீழே உட்கார்ந்து காம்பு கிள்ளியதில்லை. செவ்வந்தி இதுவரை கூப்பிட்டதும் இல்லை.

சாயந்தரம் வரைக்கும் இந்த வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட மிளகாய் நெடி எவ்வளவோ தேவலை என்று தோன்றியது அவளுக்கு.

"வாரேன்," என்றாள்.

மிளகாய்க் களத்துக்கென்று ஒரு உடுப்பு உண்டு. சேலைக்கு மேலே ஆம்பளைகளின் பழைய முழுக்கைச் சட்டை. தலையையும் மூக்கையும் வாயையும் சேர்த்துச் சுற்றிய துண்டு. கண் மட்டும்தான் வெளியே தெரியும். நாகலெட்சுமி அய்யாவின் கிழிந்த சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, துண்டைச் சுற்றினாள். களத்தில் போய் உட்கார்ந்தபோது மற்ற பெண்களுக்கும் அவளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அவள் வந்ததும் பெண்களின் பேச்சு நின்றது. முதலாளி வீட்டுப் பெண் வந்தால் பேச்சு நிற்பது வழக்கம்தான். ஆனால் இன்றைக்கு ஒருத்தியும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் வெளுத்த மிளகாயைத் தனியே எறிந்துகொண்டிருந்தார்கள்.

வெயில் ஏறியது. உருண்டை மிளகாய் கொட்டிக் கிடந்த இடம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்திலேயே நாகலெட்சுமியின் விரல்கள் காந்த ஆரம்பித்தன. அந்தக் காந்தல்கூட அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது.

தர்மராஜ் வண்டியில் வந்து இறங்கினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகக் குவியலுக்கு வந்து, இரண்டு கையையும் உள்ளே விட்டு அள்ளினான். காதருகே குலுக்கினான். காய்ந்த மிளகாயில் விதை கலகலக்கும். நனைந்த மிளகாய் ஊமையாக இருக்கும். நாலு இடத்தில் அள்ளிக் குலுக்கிவிட்டு, "இன்னும் ஒரு வெயிலு வேணும்," என்று யாரிடமோ சொன்னான்.

அப்போது பூட்டுப் போன் அடித்தது.

மிளகாயில் கைவைத்தவர்கள் அந்தக் கையை முகத்துப் பக்கம் கொண்டுபோக மாட்டார்கள். கண்ணைக் கசக்க மாட்டார்கள், மூக்கைச் சொறிய மாட்டார்கள், போனைக் காதில் வைக்க மாட்டார்கள். வைத்தால் கன்னம் ராத்திரி வரை எரியும். அதனால் மிளகாய்க் காலத்தில் அந்த ஊரில் போன் பேசுவது ஒரே மாதிரிதான். சட்டைப் பையிலிருந்து போனை இரண்டு விரலால் எடுத்து ஒரு மூட்டையின் மேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, கையைத் தூரத் தள்ளி வைத்துக்கொண்டு கத்துவார்கள். மண்டி விலை, மருமகள் சண்டை, ஆஸ்பத்திரிச் சேதி எல்லாமே களத்தில் இருக்கிற எல்லாருக்கும்தான். போன் வந்த நாளிலிருந்து இப்படியே பழகிப்போனதால் யாருக்கும் அது உறைப்பதில்லை.

தர்மராஜும் அதைத்தான் செய்தான். போனை மூட்டையில் வைத்துப் புறங்கையால் திரையைத் தள்ளினான். ஸ்பீக்கரைப் போட்டான். குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவனுக்கும் நாகலெட்சுமிக்கும் நடுவில் ஒரு முறம்தான் இருந்தது.

"அண்ணே, இமானுவேல் பேசுறேன். போன்ல பேசலாமா?" என்றது போன்.

"தாராளமாப் பேசுய்யா. இது பூட்டுப் போனு. டெல்லியில ஒக்காந்து ஒட்டுக் கேட்டாலும் ஒரு எழுத்துக் கேக்காது."

இதை அவன் சொன்ன வேகத்தில் வேப்ப மரத்துக் காக்கை எழும்பிப் பறந்தது.

"கம்பெனியில நெருக்குறாகண்ணே. ஒங்க சித்தப்பா நெலம் இல்லேன்னாலும் ஒங்களதை மட்டும் எடுத்துக்கிருவோம்ங்கிறாக. ஆனா வக்கீலு ஒரே பிடியா நிக்கிறாரு. பூர்வீகச் சொத்து, பொம்பளப் பிள்ளைக்கும் பங்கு இருக்கு, ஒங்க தங்கச்சி விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும்ங்கிறாரு."

"போடுவா."

"போன வருசம் பங்கை விட மாட்டேன்னு சொன்னாகளாமே?"

"போன வருசம் தலை நிமிந்து நின்னா. இன்னைக்குச் சாயந்தரம் சித்தப்பன் முன்னால அவ வாயாலயே குத்தத்தை ஒத்துக்கப் போறா. ஒத்துக்கிட்டவ பெறகு வாயத் தொறக்க முடியுமா? குடும்பத்துக்குச் செஞ்ச துரோகத்துக்கு இதையாச்சும் செய்யின்னு பத்திரத்தை நீட்டிருவேன். திங்கக்கெழமை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வண்டி சொல்லிரு."

போன் கொஞ்சம் தயங்கியது. "நெசமாவே அவுகதேன் சேதியைச் சொன்னாகளா அண்ணே?"

"யாரு சொன்னா எனக்கென்னய்யா. அவ தலையில விழுந்தா எனக்குக் கையெழுத்து."

"அய்யாவுக்கு..."

"அய்யா பேச்சை விடு. அதை நான் பாத்துக்கிட்டேன்."

நாகலெட்சுமியின் கையிலிருந்த மிளகாய் நசுங்கி விதை சிதறியது. எழுந்து அந்த முறத்தால் அவன் தலையில் ஒரு போடு போட வேண்டும் என்று வந்தது. எழவில்லை. அடுத்த மிளகாயை எடுத்துக் காம்பு கிள்ளினாள்.

தர்மராஜ் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான். கிளம்புகிறவன் திரும்பி, நேராக அவளைப் பார்த்தான். கண்ணோடு கண் பார்த்தான்.

"ஏத்தா, அந்த ஓரத்துல கெடக்கிறதையும் தள்ளிச் சேரு. சும்மா ஒக்காந்திருக்க."

கூடப் பிறந்தவன். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு கூலி ஆள்களோடு உட்கார்ந்ததும் அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. களத்துப் பெண்களின் முகத்தை அவன் என்றைக்குமே பார்த்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவனைப் பொறுத்தவரை அங்கே காது உள்ளவர்கள் யாரும் இல்லை.

அவள் ஓரத்தில் கிடந்த மிளகாயைத் தள்ளிச் சேர்த்தாள்.

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. செவ்வந்திதான் முதலில் பேசினாள்.

"அன்னைக்கும் இப்படித்தேன் தாயி. இதே மாதிரி மூட்டைமேல வச்சுக்கிட்டு, சித்தப்பா நெலத்தைக் கருவேலங்காடு அது இதுன்னு கத்துனாரு. நாங்க எல்லாரும் கேட்டோம். சாயந்தரம் அவுக வீட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனேன். ஒங்க சின்னம்மாகிட்ட நான்தேன் சொன்னேன். எம்பேரை அவுக புருசன்கிட்டகூடச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுச் சொன்னேன்."

நாகலெட்சுமி துண்டைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"நீயா."

"அவுகளும் எனக்குச் சோறு போடுறவுகதான? அவுக நெலத்தை ஏமாத்திப் பிடுங்குறதைக் கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?"

"அன்னையிலருந்து நான் திருடி மாதிரி நிக்கிறேன். ஒனக்குத் தெரியும். தெரிஞ்சும் தெனமும் எங்க பின்வாசல்ல வந்து நின்னு மோர் வாங்கிக் குடிச்சிட்டுப் போன."

"தெரியும். சொன்னா எனக்கும் எம்மகளுக்கும் இந்தக் களம் இருக்காது. ஒனக்கு அப்பன் வீடு இல்லேன்னா புருசன் வீடு. எனக்குக் களம் இல்லேன்னா என்ன இருக்கு?"

"அந்தப் புருசன் வீட்டுல நீ ஒரு வாரம் இருந்து பாரு. பெறகு பேசு."

இதைச் சொன்னபோது அவள் குரல் உடைந்தது. செவ்வந்தியின் முகத்தில் பச்சாதாபம் இருந்ததா இல்லையா என்று துண்டுக்கு மேலே தெரியவில்லை.

நாகலெட்சுமி தனக்குள் கணக்குப் போட்டாள். சண்டை நடந்த பிறகு முதல் பறிப்பு முடிந்து, அடுத்த பறிப்பு வரும்வரை களம் காலியாகக் கிடந்தது. ஆள் இல்லை, கேட்கக் காது இல்லை, சேதியும் போகவில்லை. அதைப் பூட்டுப் போனின் மகிமை என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருக்கிறான். மோட்டாரையே மாற்றியிருக்கக்கூடிய காசு அது. மதினி பானுப்பிரியாவுக்கு இது தெரிந்தால் இன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது.

"ஆளு கொறைஞ்சதுக்கு மட்டும் ஒன்னயக் கூப்பிடல," என்றாள் செவ்வந்தி தலை நிமிராமல். "அவரு வருவாரு, கத்துவாருன்னு தெரியும். என்னால ஆனது அம்புட்டுத்தேன். இனிச் சாயந்தரம் எம்பேரைச் சொல்லித்தேன் நீ தப்பிக்கணும்னா சொல்லிக்க."

பெருந்தன்மையாகச் சொல்கிறாளா, சவால் விடுகிறாளா என்று நாகலெட்சுமிக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் மனநிலையிலும் அவள் இல்லை. செவ்வந்தியின் மேல் அவளுக்கு ஆத்திரம்தான் இருந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் போதும், தன் தலை தப்பும். சொன்னால் திங்கட்கிழமை இந்தப் பெண்கள் யாருக்கும் வேலை இருக்காது. தர்மராஜ் அந்த மாதிரி விஷயத்தில் சொன்னதைச் செய்கிறவன்.

பொழுது சாய்ந்தது. சனிக்கிழமை என்பதால் கூலி வாங்கப் பெண்கள் எல்லாரும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தார்கள். நாகலெட்சுமியும் கூட நடந்தாள். துண்டை மறுபடி மூக்குக்கு மேலே ஏற்றிச் சுற்றிக்கொண்டாள். சட்டையைக் கழற்றவில்லை. மறந்துபோய் அல்ல.

கோட்டைச்சாமி முன்னமே வந்துவிட்டார். முன்கூடமான பட்டாசாலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பானுப்பிரியா கொடுத்த காப்பி அவர் பக்கத்தில் ஆடை கட்டிக் கிடந்தது. சண்டைக்காரன் வீட்டில் காப்பி குடிப்பதில்லை என்று வைத்திருந்தார் போலிருக்கிறது. கட்டிலில் உக்கிரபாண்டி. நடுவில் மேஜை, மேஜைமேல் பூட்டுப் போன், பக்கத்தில் தர்மராஜ்.

மற்ற பெண்கள் பின்வாசல் பக்கம் போய் நின்றார்கள். நாகலெட்சுமி மட்டும் முன்வாசல் வழியே உள்ளே நுழைந்தாள்.

"ஏத்தா, யாரது உள்ள வாறது?" என்றான் தர்மராஜ் எரிச்சலாக. "இங்கன பேச்சு நடக்குது. கூலி எல்லாம் பெறகுதேன். பின்னாடி போயி நில்லு."

அவள் துண்டை அவிழ்த்தாள்.

கோட்டைச்சாமி நாற்காலியில் நிமிர்ந்தார். அடுப்படி வாசலில் நின்ற பானுப்பிரியா வாயில் கைவைத்தாள்.

"என்ன கோலம் இது?" என்றான் தர்மராஜ்.

"களத்துக் கோலம்."

"மானத்தை வாங்குறதுக்குன்னே... சரி. சித்தப்பா காத்துக்கிட்டு இருக்காரு. சொல்ல வேண்டியதைச் சொல்லு."

"சொல்றேன்," என்றாள் நாகலெட்சுமி. சித்தப்பாவின் பக்கம் திரும்பினாள். "நான் சொல்லப்போறது என் பேச்சு இல்ல சித்தப்பா. அண்ணன் பேச்சு. காலையில இமானுவேல்கிட்டப் பேசுனது. 'போன வருசம் தலை நிமிந்து நின்னா. இன்னைக்குச் சித்தப்பன் முன்னால அவ வாயாலயே குத்தத்தை ஒத்துக்கப் போறா. ஒத்துக்கிட்டவ பெறகு வாயத் தொறக்க முடியுமா? பத்திரத்தை நீட்டிருவேன். யாரு சொன்னா எனக்கென்ன, அவ தலையில விழுந்தா எனக்குக் கையெழுத்து.' திங்கக்கெழமைக்கு வண்டியும் சொல்லியாச்சு."

தர்மராஜின் கை தானாகப் போய்ப் போனை எடுத்து, மைக் சுவிட்சைத் தள்ளியது.

"இப்ப அணைச்சு என்னத்துக்கு?" என்றாள் பானுப்பிரியா.

"ஒட்டுக் கேட்டிருக்கா," என்றான் அவன். குரல் கீச்சென்று வந்தது. "பார்த்தீகளா அய்யா, புதுப் போனையும் ஒட்டுக் கேட்டிருக்கா. நான்தேன் சொன்னேனே."

"ஒன் போனை நான் தொடவே இல்லண்ணே. ஒன் காலடியில ஒக்காந்து கேட்டேன். மூட்டைமேல வச்சுக்கிட்டுக் கத்துன. முடிச்சிட்டு என்னயப் பார்த்து, 'ஓரத்துல கெடக்கிறதைத் தள்ளு'ன்ன. தள்ளுனேன். போயிப் பாரு, சுத்தமா இருக்கும்."

பானுப்பிரியா மேஜைக்கு வந்து, ஆறிப்போன காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டாள். போனை ஒரு பார்வை பார்த்தாள்.

"மோட்டாரு," என்றாள்.

கோட்டைச்சாமி தாடையைத் தடவினார். "அப்ப அன்னைக்கு என் வீட்டுக்குச் சேதி கொண்டாந்தது யாருத்தா? எம்பொண்டாட்டி ஊரே பேசுதுங்கிறாளே ஒழிய, பேரைச் சொல்ல மாட்டேங்கிறா."

பின்வாசல் கதவு திறந்து கிடந்தது. கதவுக்கு அப்பால் செவ்வந்தியின் சட்டைக் கை தெரிந்தது. அது அசையவில்லை.

நாகலெட்சுமி அந்தக் கையைப் பார்த்தாள். தினமும் மோர் வாங்கிக் குடித்த கை. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இருந்தாலும், தன் தலையில் ஒருத்தன் பழியைப் போட்ட மாதிரியே அவள் தலையில் தூக்கிப் போட நாக்கு வரவில்லை.

"அண்ணன்தேன் சித்தப்பா," என்றாள். "அவுக தொண்டைதேன். களத்துல நின்னு கத்துனா ரோட்டுல போறவனுக்குக் கேக்கும். வேற யாரைத் தேடணும்?"

"களத்துல இருந்தவளுகள்ல ஒருத்திதேன்," என்று தர்மராஜ் எழுந்தான். "எல்லாத்தையும் இன்னையோட நிப்பாட்டுறேன்."

"நிப்பாட்டு. நாளைக்கு லாரி வருது. மூட்டையை யாரு கட்டுவா? மதினியா?"

"நான் மாட்டேன்," என்றாள் பானுப்பிரியா.

தர்மராஜ் எழுந்தவன் எழுந்தபடியே நின்றான். உட்காரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"அது கெடக்கட்டும்," என்றார் கோட்டைச்சாமி. "பத்திரம்னு சொன்னாளே, என்ன பத்திரம்? ஏலே தர்மா, பிள்ளைகிட்ட எதை எழுதி வாங்கப் பாக்குற?"

"அதானே. என்ன பத்திரம்? எனக்கே தெரியாம," என்றாள் பானுப்பிரியா.

தர்மராஜின் கண் ஒரு கணம் கட்டில் பக்கம் போய்த் திரும்பியது.

அந்த ஒரு கணத்தை நாகலெட்சுமி பார்த்துவிட்டாள். 'அதை நான் பாத்துக்கிட்டேன்' என்று காலையில் கேட்ட குரல் காதுக்குள் வந்தது. 'ஒத்துக்கிட்டுப் போயேன்த்தா' என்று அதற்கும் முன்னால் கேட்ட குரலும் வந்தது.

கட்டிலுக்கு எதிரே போய் நின்றாள். அவள் போட்டிருந்தது அவருடைய சட்டை.

"அய்யா," என்றாள். "சித்தப்பா என்ன பத்திரம்னு கேட்டாரு. மதினி கேட்டாக. நீங்க மட்டும் ஏன் கேக்கல?"

உக்கிரபாண்டி மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேஜைமேல் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனிடம், தணிந்த குரலில் கேட்டார்.

"ஏலே, அந்தப் போனு நெசமா அணைஞ்சிருக்கா?"